யூனன் வீட்டுப் பக்கச்சுவர்

மேடையில் அமர்ந்திருக்கும் நம் விரிசல் வீட்டார் குழுத் தலைவர் கோனல் ஸ்வீனி அவர்களே, அருட்தந்தை லோர்கன் அவர்களே, முதல் வரிசையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கும் யூனனின் மனைவி டிம்ப்னாம்மா அவர்களே, எந்தச் சுவர் எப்போது விழுமோ என்றிருக்கும் வீடுகளைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் என் ஊர் மக்களே, வணக்கம்.

நம் குழுவின் செயலாளர், இருபத்தொன்பது ஆண்டுகள் பள்ளிப் பேருந்து ஓட்டியவர், பெருமகனார் யூனன் கில்லெஸ்பி மறைந்து இன்றோடு ஒரு மாதம். அவரைப் புகழ்ந்து பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். புகழ்ந்துவிட்டு இறங்கினால் எவ்வளவு சுகமாக இருக்கும்! அந்தச் சுகத்துக்கு எனக்கு அருகதை இல்லை.

யார் இந்த யூனன்? நம் டோனகல் மாவட்டத்தில் நாம் வீடு கட்டிய சிமென்ட் கல்லுக்குள் மைக்கா என்கிற காக்காப்பொன் கலந்திருக்கிறது, அது மழை ஈரத்தைக் குடித்துக் கல்லையே மாவாக்குகிறது என்று தெரிந்தபோது நாம் என்ன செய்தோம்? விரிசலுக்கு முன்னால் பீரோவை நகர்த்தினோம். வெளியே தெரிந்தால் வீடு விலைபோகாது என்று வாயை மூடிக்கொண்டோம். யூனன் என்ன செய்தார்? பேருந்து ஓட்டிய அதே தடத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினார்.

என் வீட்டுக்கும் வந்தார். மகள் நோராவுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் நற்கருணை வாங்கும் விழா, விருந்தாளிகள் வரப்போகிறார்கள். அவள் கட்டிலுக்கு மேலே கட்டைவிரல் நுழையும் விரிசல். நான் ஸ்டூலில் ஏறி அதை அடைக்கப் பட்டி பூசிக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா கிராய்னா, இறங்கு கீழ. நாளைக்கு இன்ஜினியர் வந்தா எதைக் காட்டுவ? உன் பெயிண்டையா?"

"அசிங்கமா இருக்கே, யூனன். நாலு பேர் வருவாங்க."

"அசிங்கம் அந்தக் கல்லை வித்தவனுக்கு. உனக்கு என்ன வந்துச்சு?"

அந்த ஒரு வார்த்தையில் என் மூன்று வருட வெட்கத்தை உரித்துப் போட்டார்! பழுதான வீட்டை இடித்துக் கட்ட அரசு உதவித் திட்டம் வந்தது. இன்ஜினியர் நேரில் வந்து விரிசலை அளக்க வேண்டும். அளந்தால்தான் மனு நகரும். நாற்பத்தொரு வீட்டுக்கு யூனன் மனு எழுதினார். "உங்க மனு எங்க?" என்று கேட்டேன். "டிரைவர் எப்பவும் கடைசியாத்தாம்மா இறங்கணும்" என்று சிரித்தார். கடைசியாகத்தான் எழுதினார். இன்ஜினியர் வரும் தேதி குறித்துக் கடிதம் வந்தபோது அவர் லெட்டர்கென்னி ஆஸ்பத்திரியில் இருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் போய்விட்டார். புதன் மாலை உடல் வீட்டுக்கு வரும். சாவு வீட்டை மூளியாக விடுவது நம் வழக்கமா? ஒருவர் வேலிச்செடியை வெட்டினார், ஒருவர் நாற்காலி கொண்டுவந்தார், சாண்ட்விச் தட்டு தட்டாக வந்தது. டிம்ப்னாம்மா ஆஸ்பத்திரியில் அவர் உடலோடு இருந்தார். யாரையும் கேட்காமல் நாம் விரிசல் விட்டிருந்த பக்கச்சுவருக்குப் போனோம்.

பட்டி கலக்கியது யார்? நான்! வேறு எவரும் அல்ல, அவர் ஸ்டூலிலிருந்து இறக்கிவிட்ட அதே கிராய்னா!

"இந்த ஓட்டைக்குள்ள குருவி குடித்தனமே நடத்தலாம் போல" என்றார் என்னோடு பூசிக்கொண்டிருந்த பேட்சி.

"பேச்சைக் குறைச்சுக்கிட்டு அழுத்திப் பூசுங்க. ஊரே வந்து பாக்கும்" என்றேன்.

பாழாய்ப்போன மழைகூட அந்த இரண்டு நாளும் வந்து எங்களைத் தடுக்கவில்லை. இரண்டு கை வெள்ளை அடித்தோம். ஜெபமாலை சொல்ல வந்தவர்கள் "வீடு புதுசா நிக்குதே!" என்றார்கள். நான் பெருமைப்பட்டேன். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

பத்தாம் நாள் இன்ஜினியர் வந்தார். பக்கச்சுவரைப் பார்த்தார். "மூடின விரிசலை நான் எப்படிம்மா அளக்கறது? இதை யார் பண்ணினது?" என்று கேட்டார்.

டிம்ப்னாம்மா நம் பெயர்களைச் சொன்னாரா? சொல்லவில்லை. "நான்தான் ஆள் வெச்சுப் பூசினேன்" என்றார். துக்கத்துக்கு வந்து உழைத்தவர்களைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. இன்று அவர் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? 'உரிமையாளரே சேதத்தை மறைத்துள்ளார்.' மனு தள்ளுபடி. நாற்பத்தொரு வீட்டைக் கரையேற்றியவரின் மனைவி, இந்தக் குளிர்காலத்தை அந்தச் சுவருக்குள் கழிக்க வேண்டும். போன வாரம் அந்தத் தள்ளுபடிக் கடிதத்தை என் கண்ணால் படித்தேன். அவர் எனக்கு டீ ஊற்றிக்கொண்டே, "விடும்மா, நல்ல மனசோடதானே செஞ்சீங்க" என்றார். நம் நல்ல மனசு யாருக்கு வேண்டும்!

மேல்முறையீடு செய்துவிட்டோம். வருகிற வியாழன் காலை பத்து மணிக்கு இன்ஜினியர் மறுபடி வருகிறார். அவர் கண்ணெதிரே பூச்சை உரித்தால் அளப்பதாகச் சம்மதித்திருக்கிறார். 'நான்தான் மூடினேன்' என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். பேட்சியும் போட்டுவிட்டார். அன்று பிரஷ் பிடித்த மற்றவர்களும் போடுங்கள். பழைய புகைப்படத்தில் அந்தச் சுவர் தெரிந்தால் எடுத்து வாருங்கள். யூனன் எழுதாமல் விட்ட வீடுகளுக்கு இனி நான் எழுதுகிறேன். இது அவர் பெயரால் சொல்லும் உறுதி.

டிம்ப்னாம்மா, அன்றைக்கு உங்களைக் கேட்காமல் மூடினோம். இன்றைக்கு ஊரார் முன்னிலையில் கேட்கிறேன். வியாழக்கிழமை நாங்கள் வந்து உங்கள் சுவரைத் திறக்கலாமா?

நீங்கள் சொன்ன பிறகுதான் இந்த மேடையை விட்டு இறங்குவேன்.