மணிக்கூண்டில் நின்ற சிக்னல் அக்கா

மேடையில் துயரத்தோடு அமர்ந்திருக்கும் பேராயர் அவர்களே, செயற்குழுப் பெரியோர்களே, மருத்துவமனையிலும் பள்ளிகளிலும் வேலையைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வந்திருக்கும் உடன் ஊழியர்களே, முன்வரிசையில் இருக்கும் குடும்பத்தாரே, சபை மக்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

இந்தத் திருச்சபையின் செயலாளராக எத்தனையோ பேரைப் பற்றி இங்கே நின்று பேசியிருக்கிறேன். நம் தலைமை அலுவலகத்தின் இணைய வலையமைப்பு மேலாளர், நமக்கெல்லாம் சிக்னல் அக்கா, இனி இல்லை. ஒரே கோடையில் நோய் அவரைக் கொண்டுபோய்விட்டது.

அந்தப் பெயர் வந்த கதை உங்களுக்குத் தெரியும். கைபேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு பாடகர் குழு அறை, சமையற்கட்டு, போதகர் வீட்டு மாடிப்படி என்று நடந்துகொண்டே இருப்பார். "இங்க நல்லா வருது... ஐயோ, இங்க படுத்துடுச்சே!" என்று சுவரோடு பேசுவார். பெரிய நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர்! அதை விட்டுவிட்டு, பழைய ஆலயங்களின் தடித்த சுவர்களோடு மல்லுக்கட்ட வந்தார். அவருடைய கணவர், நம் ஆலயத்தின் ஆர்கன் கலைஞர், ஒருமுறை என்னிடம் அலுத்துக்கொண்டார்: "எங்க வீட்ல மட்டும் நெட் வராதுங்க. கேட்டா, மொதல்ல சபையெல்லாம் முடியட்டும்ங்கறா."

செயற்குழுவில் ஒருநாள் ஒரு யோசனை வந்தது. ஊழியர்கள் இணையத்தில் எதைப் பார்க்கிறார்கள் என்று அவர் கவனித்துச் சொல்ல வேண்டும் என்றார்கள். அவரால் முடியாதா? முடியும். ஒரு நொடி வேலை. அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "பக்கத்துல இருக்கறவங்க ஜெபத்துல என்ன கேக்குறாங்கன்னு நாம காது வச்சா கேக்குறோம்?" பேச்சு அத்தோடு முடிந்தது. நம் எல்லோருடைய தகவல்களும் அவர் கை வழியே ஓடின. அவர் ஒன்றையும் எட்டிப் பார்க்கவில்லை. எவ்வளவு பெரிய மனசு!

ஆனால், பெருமக்களே, புயலடித்த அந்த நாளைச் சொல்லாமல் நான் எப்படி இறங்குவது?

ஆற்றுப் பாலம் அடித்துக்கொண்டு போனது. அதோடு இணையக் கேபிளும் போனது. கைபேசிக் கோபுரங்கள் சாய்ந்தன. அக்கரையில் நம் சிறு மருத்துவ நிலையம். அங்கே ஒரு செவிலியர் மட்டும். பிரசவ வலியில் ஒரு பெண். குழந்தை கால் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது; இணைப்பு அறுமுன் செவிலியர் அனுப்பிய கடைசிச் செய்தி அது. இக்கரையில் நம் மருத்துவமனையில் டாக்டர் அம்மா இருக்கிறார். நடுவில் ஆறு! படகு போக முடியுமா? பேசத்தான் வழியுண்டா?

ஒரு வழி இருந்தது. நம் மணிக்கூண்டின் உச்சியில் சிக்னல் அக்கா முன்பே ஒரு டிஷ் பொருத்தியிருந்தார். கேபிளே இல்லாமல், ஆற்றைத் தாண்டி நேராக அக்கரைக் கூரையில் இருக்கும் இன்னொரு டிஷ்ஷோடு அது பேசும். ஆனால் புயலில் அதன் பிடி உடைந்து, டிஷ் தலை தொங்கிக் கிடந்தது.

அவர் மேலே ஏறினார். கணவர் அவருடைய இடுப்பில் கயிற்றைச் சுற்றி, மறுமுனையை மணி தொங்கும் உத்திரத்தில் கட்டினார். மருத்துவமனையிலிருந்து ஓடி வந்த டாக்டர் அம்மா கீழ் அறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்தார். நான் படிக்கட்டின் நடுவில் நின்று கீழே கேட்டதை மேலே கத்தினேன்.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம்!"

"இப்போ?"

"வந்துடுச்சு! ஐயோ, போயிடுச்சு! வந்துடுச்சு, வந்துடுச்சு! அக்கா, அசையாதீங்க!"

அவர் அசையவில்லை. மாற்றுப் பிடி இல்லை. கட்டிப் பார்த்த கம்பி காற்றில் தெறித்தது. ஆகவே இரண்டு கைகளாலும் டிஷ்ஷை அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். மழை முகத்தில் அறைந்தது. காற்று அவரைத் தள்ளியது. கீழே டாக்டர் அம்மா திரையில் தெரிந்த செவிலியரிடம் பேசிக்கொண்டே இருந்தார்: "இழுக்காதம்மா, அதுவா வரட்டும்... இப்போ தோளைத் திருப்பு... பயப்படாத, நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

பிறகு ஓர் அழுகுரல். அக்கரையிலிருந்து, ஒரு பச்சைக் குழந்தையின் அழுகை! நான் மேலே பார்த்துக் கத்தினேன்: "பொறந்தாச்சு! ரெண்டு உசுரும் நல்லா இருக்கு!" அவர் கையை எடுக்கவில்லை. "டாக்டரம்மா போதும்னு சொன்னாங்களா?" என்று கேட்டார். தாயின் இரத்தப்போக்கு நின்றது என்று டாக்டர் அம்மா சொன்ன பிறகுதான் இறங்கினார். விரல்கள் விறைத்து மடங்கிப்போயிருந்தன. கணவர்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். மனித உடம்புக்குள் இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை!

இறங்கியவர் படுக்கப் போகவில்லை. அலுவலகக் கூரையில் செயற்கைக்கோள் இணைப்பு வேலை செய்துகொண்டிருந்தது. ஊரில் வெளியுலகத்தோடு பேச அது ஒன்றுதான். போய் உட்கார்ந்தார், அதன் கடவுச்சொல்லை நீக்கினார். யார் வேண்டுமானாலும் நுழையலாம்! செயற்குழுவின் மூத்தவர் பதறினார்: "நமக்கே பத்தாதும்மா. ஊரே வந்து உக்காந்துடுமே!"

"வரட்டும்யா. நம்ம மணி அடிச்சா நம்ம சபைக்காரங்களுக்கு மட்டுமா கேக்குது?"

ஊரே வந்தது. படமும் காணொளியும் ஓடாதபடி அடைத்து, குரலுக்கு மட்டும் வழிவிட்டார். நம் ஆலயத்து வாசலையே மிதித்திராதவர்கள் ஆலயப் படிகளில் உட்கார்ந்து, "நான் உசுரோட இருக்கேன்மா" என்று தொலைதூரத்துப் பிள்ளைகளிடம் சொல்லி அழுதார்கள். நான் என் கண்ணால் கண்டேன். பல பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன்; அன்று அந்தப் படிகளில் நின்றபோதுதான் நான் ஜெபத்துக்கு முழங்காலிட்டேன்.

நமக்கு மணிக்கூண்டில் ஏறும் தைரியம் இருக்கிறதா? தெரியாது. ஆனால் அவருடைய வேலை நிற்காது. அவரிடம் பயிற்சி பெற்ற நம் பள்ளியின் கணினி ஆசிரியைகள் இருவரும் நேற்றே அவருடைய நாற்காலிக்கு வந்துவிட்டார்கள். இன்னும் இணைப்பு எட்டாத சபைகளுக்கு அவர்கள் எட்டவைப்பார்கள்.

இன்று காலை செயற்குழு கூடியது. பேரிடர் நாளில் நம் இணைப்பு யாருக்கும் பூட்டப்படாது, அதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று ஒரு தீர்மானம். முன்மொழிந்தவர், அன்று பதறிய அதே மூத்தவர். சபையின் ஒப்புதல் மட்டும் பாக்கி. இதை ஏற்பவர்கள் எழுந்து நில்லுங்கள்.

ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை. நன்றி. யாரும் உட்கார வேண்டாம். இப்படியே நின்று, நம் சிக்னல் அக்காவுக்காகச் சற்று நேரம் அமைதியாக இருப்போம்.