தூக்காத பெட்டி

"அவரு பெட்டிய நான் தூக்கல லா," என்றார் ஸ்கூடாய் ஊருக்குப் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில், ஓட்டல் சீருடையில் இருந்தவர். அவருடைய போனில் நம் தேசியக் கால்பந்து அணியின் பழைய பயிற்சியாளர் படம். இப்போது ஏதோ குட்டித் தீவின் அணிக்குப் போயிருக்கிறாராம்.

"யாரு, நம்மள தோக்க வச்சவரா?" என்றார் பக்கத்திலிருந்த நண்பர்.

"அவர வேலைய விட்டு அனுப்புனப்ப எங்க ஓட்டல்லதான் தங்கியிருந்தாரு. பெட்டி தூக்குறதுதான் என் வேலை. தோத்த கோவத்துல கையக் கட்டிக்கிட்டு நின்னேன்."

"ஏசினாரா?"

"இல்ல. அவரே காருல ஏத்திட்டு, என் பேரச் சொல்லி மலாய்ல நன்றி சொன்னாரு. நெனச்சா இப்பவும் கூசுது."

நண்பர் போனை வாங்கிப் பார்த்தார்.

"படத்துல அவரு தோள்ல என்னது?"

"பந்து மூட்டை. அங்கயும் அவரேதான் தூக்குறாரு."