இரண்டு தட்டுக்கு ஒரு பதில்

விடியற்காலம் நாலு மணி. நம் தீவின் மின்னி பே கடலோர ரோடு. ஒரு பக்கம் தென்னை, ஒரு பக்கம் கடல்... நடுவில் ஒற்றை ஆளாய் ஒரு பள்ளிக்கூடப் பெண். மழை அப்போதுதான் விட்டிருந்தது. மட்டையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம். வேறு ஈ காக்கை இல்லை.

அவள் பெயர் ஜெயமணி. என் சிநேகிதி சுசீலாவின் சித்தி. அப்போது பதினைந்து வயது, வருஷம் அறுபத்து நாலு. சுதந்திர தின அணிவகுப்புக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்த ஆகஸ்டு மாதம். பள்ளிக்கூட டிரம் கோஷ்டிக்கு அவள்தான் லீடர்; விடிகாலை ஒத்திகைக்கு முன்னால் போய் டிரம் கொட்டகையைத் திறப்பது அவள் வேலை.

கையில் இரண்டு குச்சி. நடக்கிற பயத்தில் ஒன்றை ஒன்றோடு தட்டினாள். டக், டக்...

பின்னால் இருந்து ‘தொம்’ என்றது.

டேய் சிவஞானம், அந்த டம்ளரைத் தட்டுவதை நிறுத்து. கதை முடிகிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார். கரண்ட் வந்ததும் உன் கச்சேரியை வைத்துக்கொள்.

அந்த ‘தொம்’ என்னவென்று சொல்கிறேன். கோஷ்டியில் ஒரு வழக்கம். கிளம்புவதற்கு முன் லீடர் தன் சின்ன டிரம்மின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுவாள். ரெடியா என்று கேட்பது அது. பெரிய டிரம் வைத்திருப்பவள் ஒரே ஒரு அடி அடிப்பாள். ரெடி என்று பதில். அந்தப் பெரிய டிரம்மை அடித்தவள் தங்கம். வெள்ளைக்காரன் இந்தத் தீவுக்குக் கைதிகளைக் கொண்டுவந்த காலத்திலிருந்தே இங்கே இருக்கிற குடும்பம். தமிழும் ஹிந்தியும் கலந்து கட்டிப் பேசுவாள். ஜெயமணியும் அவளும் ஒரே இலையில் சாப்பிடுகிற சிநேகம்.

அந்தத் தங்கம் செத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

ஜெயமணி சட்டென்று நின்றாள். திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. வாசனை மட்டும் வந்தது... தோல் கருகுகிற வாசனை. அந்த வாசனையை அவள் எங்கே கண்டாலும் அடையாளம் சொல்வாள். ஏனென்றால் கருக்கியவளே அவள்தான்.

நம் ஊர்க் காற்றில் டிரம் தோல் தொய்ந்து போகும், தெரியுமில்லையா? அடித்தால் சத்தம் செத்துப் போய்க் கேட்கும். அதனால் கொட்டாங்குச்சிக் கனல் போட்டு, டிரம்மைக் கையிலேயே பிடித்துச் சுற்றிச் சுற்றிக் காட்டி, தோலை இறுக்குவார்கள். கனல் பக்கத்தில் டிரம்மை வைத்துவிட்டு நகரக் கூடாது. டிரம் பழக்குகிற கோவிந்தராஜ் சார் தலைதலையாய் அடித்துச் சொல்லியிருந்தார்.

ஜனவரியில், குடியரசு தினத்துக்கு முதல் நாள் சாயங்காலம், தங்கத்துக்குப் பதில் ஜெயமணி கனல் பக்கத்தில் உட்கார்ந்தாள். தங்கத்தின் பெரிய டிரம்மைக் காட்டிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து மதராஸ் கப்பலின் சங்கு ஊதியது. கப்பல் வந்தால் அன்றைக்கு இந்த ஊரில் யார் வீட்டில் இருப்பார்கள்? எல்லாப் பிள்ளைகளும் கப்பல் வந்து நிற்கிற ஜெட்டிக்கு ஓட்டம். இவளும் டிரம்மை ஒரு செங்கல்லில் சாய்த்துவிட்டு ஓடினாள். ஒரு நிமிஷம்தானே என்று நினைத்தாள், பாவி.

திரும்பி வந்து பார்த்தால் தோல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பிளந்து கிடக்கிறது. யாரும் பார்க்கவில்லை. டிரம்மைத் தூக்கிக் கொட்டகைக்குள் சுவரைப் பார்த்து வைத்தாள். வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை தங்கம் டிரம்மை எடுத்துத் திருப்பினாள். எல்லோரும் பார்த்தார்கள். சார் முகம் சிவந்துவிட்டது.

“உன் டிரம்தானே? உன் கையிலதானே இருக்கு?”

“கசம்சே, சத்தியமா நான் இல்ல சார்! நான் ஜெட்டிக்குப் போயிட்டேன். ஜெயமணிக்கு மாலூம் சார், அவளுக்குத் தெரியும்.”

சார் இவளைப் பார்த்தார். வாயைத் திறந்தால் லீடர் பட்டை போய்விடும். இத்தனை பேர் முன்னால் தலை குனிய வேண்டும். ஜெயமணி தன் ஷூவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“எனக்குத் தெரியாது சார்.”

அன்றைக்கு அணிவகுப்பில் பெரிய டிரம் இல்லை. வெள்ளை யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு தங்கம் வேலிக்கு வெளியே நின்றாள். ஜெயமணி இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, பழக்க தோஷத்தில், பதிலுக்குக் காத்திருந்தாள். அப்புறம் தங்கத்தைச் சார் கோஷ்டியில் சேர்க்கவே இல்லை. ஜூன் மழையோடு காய்ச்சல் வந்தது. நாலே நாளில் போய்விட்டாள்.

சரி, ரோட்டுக்கு வாருங்கள். ஜெயமணி எப்படியோ பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தாள். கொட்டகைப் பூட்டு பூட்டியபடி இருக்கிறது. திறந்தாள். உள்ளே கும்மிருட்டு. பின்னாலேயே பன்னீர்செல்வம் வந்தான், புதிதாய்ப் பெரிய டிரம் அடிக்கிற பையன். அந்த டிரம்முக்குப் புதிதாய் மாற்றிய தோலைத் தொட்டுப் பார்த்தான்.

“அரே! சுடுதே... நீங்களே காய்ச்சிட்டீங்களாக்கா?”

“ஆமா” என்றாள். கனல் போடுகிற அடுப்பில் நேற்றைய சாம்பல் ஈரமாய்க் கிடந்தது.

அன்றைக்குப் பூரா அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. சாயங்காலம் சொல்லிவிடுவது என்றே முடிவு கட்டிக்கொண்டு, அபர்டீன் பஜாருக்குப் பின்னால் இருந்த தங்கம் வீட்டுக்குப் போனாள். தங்கத்தின் அம்மா தனபாக்கியம் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் டீ கொடுத்தாள். அந்தக் கிளாஸைப் பிடிக்கவே இவளுக்குக் கூசியது.

“வந்தியே பேட்டி, என் மகளே, அதுவே போதும். காய்ச்சல்ல கூட உன் பேச்சுதான் அவளுக்கு. ‘ஜெயமணி சொல்லுவா அம்மா, நீ பாரு, சொல்லுவா’ன்னு ஒரே பினாத்தல். என்னம்மா அது? என்ன சொல்லணும்னு இருந்தே?”

இதைவிட நல்ல நேரம் யாருக்கு வாய்க்கும், சொல்லுங்கள். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“தெரியாது அத்தை.”

அவசரமாய்க் கிளாஸைப் பலகையில் வைத்தாள். அது ஆடி விழுந்தது. டக், டக்.

சுவருக்கு அந்தப் பக்கம்... தொம்.

தனபாக்கியம் பயப்படவில்லை. அதுதான் கொடுமை. எழுந்து நின்றுவிட்டாள். கண்ணில் தாரை தாரையாய்த் தண்ணீர்.

“என் பொண்ணு! கேட்டியா? என் பொண்ணும்மா அது! நீ வந்தது தெரிஞ்சிருக்கு... இன்னொரு தடவ தட்டும்மா. ஒரே தடவ...”

ஜெயமணி எழுந்து ஓடினாள். வாசலைத் தாண்டியும் கேட்டது. தனபாக்கியம் கிளாஸை எடுத்துத் தானே தட்டுகிறாள், டக் டக், டக் டக்... பதில் இல்லை. அவள் தட்டினால் வராது.

அதற்குப் பிறகு அந்த அம்மா பலமுறை ஆள் அனுப்பினாள். ஒரு தடவை வந்து தட்டிவிட்டுப் போகச் சொல்லு என்று. இவள் போகவில்லை. பஜாரில் தூரத்தில் கண்டால் சந்தில் புகுந்துகொள்வாள். தனபாக்கியம் கேட்டுக் கேட்டே செத்துப் போனாள். கோவிந்தராஜ் சாரும் போய்விட்டார். இனி சொல்வதற்கும் யாரும் இல்லை.

ஜெயமணி சித்தி இன்னும் அதே மின்னி பே கடற்கரையில்தான் இருக்கிறாள், தனியாக. கைத்தடி முனையில் துணி சுற்றியிருக்கும். டம்ளரை வைத்தால் அடியில் விரலைக் கொடுத்துத்தான் வைப்பாள். போன வருஷம் சுசீலா போய் ஒரு ராத்திரி தங்கினாள். நடுச்சாமத்தில் முழிப்புத் தட்டியது. சித்தி படுத்திருந்த கட்டில் பக்கத்துச் சுவரில்... வெளிப் பக்கமிருந்து... டக், டக்.

சுவருக்கு அந்தப் பக்கம் பாறையும் கடலும்தான்.

இருட்டில் சித்தியின் குரல் கேட்டது. கெஞ்சுகிற குரல்.

“நாளைக்குச் சொல்றேன் தங்கம்... நாளைக்குக் கண்டிப்பாச் சொல்லிடறேன்.”

கொஞ்ச நேரம் அலைச் சத்தம் மட்டும்.

அப்புறம் மறுபடியும்... டக், டக்.