அமுக்கிப் பிடிக்கிற கருவி

கருவியை வாங்கிட்டு வர வேற ஆளே இல்லையான்னு கேக்கறீங்க. எண்ணிச் சொல்றேன் தம்பி, நீங்களே பாத்துக்குங்க. நான் ஒருத்தன். நீங்க ஒருத்தர். அடுப்பாண்ட நின்னு நூடுல்ஸ் மாவு இழுக்கறாரே ஹார்சான், அவர் ஒருத்தர். ரோட்டோரமா புளிச்ச குதிரைப்பால் விக்கற அவர் சம்சாரம். அதைக் குடிக்க இறங்கி இன்னும் லாரியில ஏறாத அந்த டிரைவர். அவரு எண்ணிக்கைக்கு வருவாரு, வேலைக்கு வரமாட்டாரு. அஞ்சாச்சு. என் மச்சான் தொக்தோவை அதுக்குத்தான் காலையிலேயே குதிரையில ஏத்தி அனுப்பியாச்சு. நாயைச் சேத்தா மறுபடி ஆறு. ஆனா நாய் போயி கருவி வாங்கிட்டு வராது.

உக்காருங்க. சத்தம் போட்டா கருவி வராது.

நான் பேசற ஆளே இல்லீங்க. என் சம்சாரத்தைக் கேட்டுப் பாருங்க. கல்யாணம் ஆகி முதல் வருஷம், மாப்பிள்ளை ஊமைன்னு அவங்க வீட்டுல நெனச்சுட்டாங்க. இன்னைக்கு என்னமோ வாய் ஓடுது. நீங்க வேற பின்னாடியே வந்து இறங்கினீங்களா, அதைப் பாத்தா யாருக்கும் பேச்சு வந்துடும். தப்பா எடுத்துக்காதீங்க. முப்பத்தெட்டு வருஷமா இந்தக் கணவாய் ரோட்டுல உக்காந்திருக்கேன், ரெண்டு வளைவு முழுக்க ரிவர்ஸ்லயே ஏறி வந்த வண்டியை இன்னைக்குத்தான் பாத்தேன். நீங்க கிளம்பிப் போறீங்கன்னு நெனச்சு ஹார்சான் சம்சாரம் கையெல்லாம் ஆட்டிட்டாங்க.

இல்ல, வண்டி ரிப்பேர் நிஜம்தான். சந்தேகம்னா கையில வாங்கிப் பாருங்க. இதுதான் கியர் பெட்டிக்குள்ள இருக்கற பிஸ்டன். ஓரத்துல விரலை வைங்க. மயிர் மாதிரி ஒரு விரிசல் தட்டுப்படுதா? இது போச்சுன்னா முன்னாடி போற கியர் எல்லாம் வழுக்கும், ரிவர்ஸ் மட்டும் ராஜா மாதிரி போகும். புதுசு எங்கிட்ட இருக்கு. மாட்டறதுலதான் சங்கதி. பிஸ்டனை உள்ள வச்சு, அதும்மேல ஸ்பிரிங்கு, அதும்மேல இந்த மூடி. ஸ்பிரிங்கு மூடியை வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும். அதை அமுக்கிப் பிடிச்சாத்தான் இந்த வளையத்தை ஓரத்துப் பள்ளத்துக்குள்ள போட முடியும். கையால அமுக்க முடியாது. நீங்க அமுக்கிப் பாத்தீங்களே, என்ன ஆச்சு? அதுக்குன்னு ஒரு கருவி செஞ்சிருக்கான் ஜெர்மன்காரன். திருகு வச்சது. வண்டியை உலகம் பூரா வித்தான், கருவியைத் தன் வீட்டுலயே வச்சுக்கிட்டான்.

மொதமொத இந்த மாதிரி வண்டி வந்தப்ப எனக்கு இதெல்லாம் தெரியாது. அடியில படுத்துக்கிட்டு வளையத்தை ஸ்க்ரூடிரைவரால நெம்பி எடுத்தேன். மூடி என் காதை உரசிக்கிட்டுப் போயி, சுவத்துல மோதி, ஹார்சானோட சூப்புல விழுந்துச்சு. அவர் கரண்டியால எடுத்துக் குடுத்துட்டு, இது எந்த உறுப்புன்னு கேட்டாரு. நல்ல மனுஷன், எதையும் வீணாக்க மாட்டாரு.

அப்புறம் கருவி தேடிப் பிஷ்கேக்ல பெரிய சந்தைக்குப் போனேன். அங்க ஒருத்தன் கம்பளம் விரிச்சு இரும்பு விக்கறான். நான் படம் வரைஞ்சு காட்டினேன். அவன் படத்தையே பாக்கல. ஒரிஜினல் ஜெர்மன்னு சொல்லி ஒண்ணை எடுத்துக் குடுத்தான். திருகு இருந்துச்சு, கைப்பிடி இருந்துச்சு. வீட்டுக்குக் கொண்டாந்தா என் சம்சாரம் ஒரே பார்வையில கண்டுபிடிச்சுட்டா. குடல்ல குதிரைக்கறி அடைக்கற மிஷின். இன்னைக்கு வரைக்கும் நல்லா வேலை செய்யுது. நவ்ரூஸ் புதுவருஷப் பண்டிகை வந்தா அக்கம்பக்கம் எல்லாரும் அதைத்தான் கடன் கேக்கறாங்க.

டாக்சியா? நிக்கட்டும், பாத்துக்கலாம். இடம் இருக்குதான்னு கேட்டு வரவா? வேண்டாமா? சரி. சொந்த வண்டியிலதான் போயி இறங்கணும்னு நீங்களே சொன்னீங்க. மகளைத் திருப்பிக் கூட்டிக்கிட்டு வரப் போறவர் ஆட்டோட ஆடா நெருக்கி உக்காந்து போனா நல்லாருக்காதுதான். கல்யாணப் பதிவு மூணு மணிக்குன்னுதானே உங்க மக பெகிமாய் போன்ல சொன்னது? கணவாய் ஏறி இறங்கினா தாலாஸ் ரெண்டு மணி நேரம். நேரம் இருக்கு. அதாவது, இருந்துச்சு.

அவ கட்டிக்கப் போற பையனுக்கு என்ன குறைன்னு நான் கேக்கல. பீன்ஸ் பயிர் போடறான், அதுதானே? பெட்ரோல் பங்க் வச்சிருக்கறவனுக்குக் குடுக்கறதா நீங்க வாக்கு குடுத்துட்டீங்க. புரியுது. பெட்ரோல் பங்க்குன்னா கௌரவம். பீன்ஸ்ல ஒண்ணு, பசிச்சா திங்கலாம். நான் ஒண்ணும் சொல்லல. குதிரைப்பால் இன்னொரு கிண்ணம் ஊத்தவா?

கருவிக்கு வர்றேன். கடைசியில கான்ட்டுங்கற ஊர் பக்கம் ஒரு ஜெர்மன்காரர்கிட்ட இருக்குன்னு தெரிஞ்சுது. வில்லின்னு பேரு. இங்கயே பொறந்தவர், நம்ம பாஷையை நம்மள விட நல்லா பேசுவாரு. அந்த வருஷம் இங்க இருந்த அவங்க ஜனம் எல்லாரும் ஜெர்மனிக்குக் குடி போய்க்கிட்டு இருந்தாங்க. வீடு வித்தாச்சு, மாடு வித்தாச்சு, ஒரு பன்னி மட்டும் மிச்சம். ஊரு பூரா நம்ம ஜனம், யாரு வாங்குவா? வெட்டவும் அவருக்கு மனசு வரல, பேரு வச்சு வளத்துட்டாரு. கருவிக்கு என்ன வேணும்னு கேட்டேன். ஒண்ணும் வேண்டாம், இவளைக் கூட்டிக்கிட்டுப் போன்னுட்டாரு.

நான் அஞ்சு வேளை தொழுகறவன். எண்ணித்தான் தொழுவேன். என்ன பண்ணச் சொல்றீங்க? பின் சீட்டுல ஏத்தி, மேல கம்பளியைப் போட்டு மூடிக்கிட்டு வந்தேன். கணவாய்க்குக் கீழ போலீஸ்காரர் நிறுத்தினாரு. பின்னாடி யாருன்னாரு. எனக்குப் பேச வராதா, வாயில வந்தது, மச்சான் தொக்தோ, குடிச்சிருக்கான்னு சொல்லிட்டேன். அந்நேரம் பாத்து அது ஒரு உறுமல் உறுமுச்சு. போலீஸ்காரர் தலையாட்டிக்கிட்டே, ஆமா, இவரை எனக்குத் தெரியும்னு சொல்லி அனுப்பிட்டாரு. தொக்தோ இன்னும் என்னை மன்னிக்கல. பன்னியைச் சுரங்கப்பாதையில வேலை செஞ்ச ரஷ்யக்காரங்ககிட்ட விட்டேன். அவங்க மகாராணி மாதிரி வச்சுக்கிட்டாங்க. எத்தனை நாள்னு நான் விசாரிக்கல.

அப்படிச் சம்பாதிச்ச கருவிங்க அது. அதைப் போயி தேன்காரர் ஜூமாஷ் மெழுகு பிழியணும்னு வாங்கிட்டுப் போயிருக்காருன்னா எனக்கு மட்டும் வயிறு எரியாதா?

மணி பாத்துக்கிட்டே இருக்காதீங்க. அது ஒண்ணும் நம்ம பேச்சைக் கேட்டு ஓடல.

இருங்க, போன் அடிக்குது. ஆங், சொல்லும்மா. ம். ம். ஆச்சா? அழுதாளா? சரி, சரி, அழட்டும். எத்தனை பேரு? ம். இங்கதான் இருக்காரு. இல்ல, ரெண்டு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டாரு. வச்சிடும்மா.

தம்பி, அந்த ஸ்பானரைக் கொஞ்சம் கீழ வைங்க. அது பதிமூணாம் நம்பர், தொலைஞ்சா இந்த ரோட்டுல கிடைக்காது.

உங்க சம்சாரம்தான். குல்சுன். அக்கா வீட்டுக்குப் போறேன்னு நேத்தே பஸ் ஏறினாங்களாமே, தாலாஸ்லதான் இருக்காங்க. காலையில ஏழு மணிக்கு எனக்குப் போன் பண்ணாங்க. அண்ணே, ஒரு வாரமா கியர் வழுக்குது, அந்த வண்டி உங்களைத் தாண்டி ஏறாது, அவரை மூணு மணி வரைக்கும் பிடிச்சு வையுங்க, அதுக்கப்புறம் அவரே நல்ல மனுஷன் ஆயிடுவாருன்னாங்க. எனக்குப் பேச வராதேம்மான்னு சொன்னேன். கருவியைப் பத்திப் பேசுங்க, வரும்னாங்க. வந்துச்சு. இப்ப நாக்கு வலிக்குது.

கருவி ஜூமாஷ்கிட்ட இல்ல. இந்தா, இந்தத் துணிக்கு அடியிலதான் இருக்கு. தொக்தோவை அங்க அனுப்பினது, அவன் இங்க இருந்தா வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டான்னுதான். பிஸ்டன் விரிசல் நிஜம், பன்னி நிஜம். இன்னைக்கு நான் சொன்ன பொய் ஒண்ணே ஒண்ணு. அதைத் தொழுகையில நான் தீத்துக்கறேன்.

திட்டுங்க, கேட்டுக்கறேன். ஆனா ஒண்ணு. காலையிலேர்ந்து நாலு டாக்சி நின்னுச்சு. நான் எண்ணிக்கிட்டேதான் இருந்தேன். ஒவ்வொண்ணு நிக்கும்போதும் இவர் ஏறிட்டா நான் என்ன பண்றதுன்னு அடுத்த கதையை எடுத்து விட்டேன். மூணாவதுல முன் சீட்டு காலி. நீங்க பாத்தீங்க. பாத்துட்டு, அந்தப் பன்னிக்கு என்ன பேருன்னு எங்கிட்ட கேட்டீங்க. நான் உங்களைக் கயிறு போட்டுக் கட்டலியே தம்பி.

கண்ணைத் துடைச்சுக்குங்க. கையில கிரீசு, அந்தக் கையால வேண்டாம், இந்தத் துணியை எடுத்துக்குங்க.

வாங்க, அடியில வாங்க. நாப்பது நிமிஷத்துல மாட்டிடலாம். திருகை நீங்க சுத்துங்க, நான் வளையத்தை வைக்கறேன். மெதுவா. இன்னும் அரைச் சுத்து. ஆங், அப்படியே பிடிங்க. விருந்து ராத்திரி வரைக்கும் நடக்குமாம், போயிடலாம். பொண்ணு வீட்டுக்காரங்களுக்குன்னு பதினஞ்சு இடம் போட்டாங்களாம். பதினாலு பேர் உக்காந்தாச்சு. வாசலுக்கு நேரெதிர்ல, எல்லாத்துக்கும் பெரிய மரியாதை இடத்துல மட்டும் யாரையும் உக்கார விடாம, உங்க மகளே பக்கத்துல நின்னுக்கிட்டு இருக்காளாம். பாக்கி ஒண்ணு.