ஜன்னலைத் திறக்கச் சொன்னவர்

பெருமதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவர் திருமதி ஷீலா ஓர்ட் அவர்களே, பாதிரியார் டன்ஸ்டன் அவர்களே, இன்று கடலுக்குப் போகாமல் படகைக் கட்டிப்போட்டு வந்திருக்கும் கிரெய்விக் துறைமுக நண்பர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் கீத் ரட்டர். கிரெய்விக் வானொலியின் பொறியாளனாக இருந்தவன். கம்பிகளோடு மட்டுமே பேசிப் பழகியவன். நம் பிரெண்டா திர்ல்வெல் அம்மையார் இருந்திருந்தால், முதல் வரிசையில் உட்கார்ந்து, "ஏ கீத்து, உன் குரலு துருப்பிடிச்ச இரும்புக் கேட்டு மாதிரி இருக்கு, சீக்கிரம் முடி கண்ணு" என்றிருப்பார். சொல்ல அவர் இல்லை. அதனால் நான் நிதானமாகவே பேசப் போகிறேன்.

இந்த ஊரைக் காலையில் எழுப்பியவர் யார்? பனி விழுந்தால் எந்தப் பள்ளிக்கு விடுமுறை, எந்தப் பாலத்தில் வெள்ளம் என்று சொன்னவர் யார்? பிரெண்டா அம்மையார்தான். மீன் வறுவல் கடை ரோனியின் நாய் காணாமல் போனபோது மூன்று பாட்டுக்கு ஒருமுறை அறிவித்தாரே, நினைவிருக்கிறதா? அந்த நாய் அத்தனை நேரமும் அவர் மேசைக்கடியில் அவருடைய ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தது. அதையும் அவரேதான் சிரித்துக்கொண்டே அறிவித்தார்.

நவம்பரில் போரில் இறந்தவர்களுக்காக நாம் மௌனம் காக்கும் ஞாயிறு வருமல்லவா? நாங்கள் சேர்ந்து வேலை செய்த முதல் வருடம் அவரிடம் போய்ச் சொன்னேன்: "பிரெண்டா, சத்தம் நின்னா நிலையமே செத்துப்போச்சுன்னு அலாரம் நெனச்சுக்கும். தானா ஒரு பாட்டைப் போட்டுவிட்டுரும். அதை அணைச்சு வெக்கிறேன்."

"அணைக்காத. ஜன்னலைத் திற."

"குளிருமே."

"கோட்டைப் போட்டுக்க. ஊரு சும்மா நிக்கறப்ப எப்படி இருக்குன்னு ஜனங்க கேக்கட்டும்."

திறந்து, மைக்கை ஜன்னலோரம் வைத்தேன். கடலின் இரைச்சல் கேட்டது. கடற்பறவைகளின் கூச்சல் கேட்டது. கீழே நினைவுச் சின்னத்தருகே யாரோ மூக்கைச் சிந்தினார்கள். அந்தச் சத்தமே போதுமென்று அலாரம் வாயே திறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நவம்பரும் எங்கள் மௌனம் அந்த ஜன்னல் வழியாகத்தான் போனது.

பிறகு அந்த வருடம் வந்தது. லண்டன் நிறுவனம் ஒன்று நம் நிலையத்தை வாங்கியது. முதலில் நிலையத்தின் பெயரிலிருந்து ஊரின் பெயரை எடுத்தார்கள். வசந்தத்தில் காலை நிகழ்ச்சியைத் தொலைவில் இருக்கும் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். இங்கே ஆலங்கட்டி மழையில் நாம் நனையும்போது, அங்கிருந்து ஒருவர் வெயிலைப் பற்றி மகிழ்ச்சியாகப் பேசினார். கோடையில் படகுகள் நம்பியிருந்த மத்திய அலை ஒலிபரப்பை நிறுத்தினார்கள். நம் கட்டடம் இப்போது நாய்களுக்கு முடிவெட்டும் கடை.

நிறுவனத்து ஆள் ஒருவர் தேநீர் குடித்தபடி, "உங்க ஊர்ல தினமும் பேச அப்படி என்னதான் இருக்கு?" என்று கேட்டார். பிரெண்டா அம்மையார் பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தி, "நீ கெளம்பினதும் உன்னைப் பத்தியே ஒரு வாரம் பேசுவோம் கண்ணு, எடுத்துக்க" என்றார்.

அந்த நவம்பரிலும் வழக்கம்போல் நினைவுச் சின்னத்தருகே ஒலிபெருக்கி வைத்து வானொலியைப் போட்டோம். நகரத்தில் யாரும் அலாரத்தை அணைக்கவில்லை. அவர்களுக்குத் திறக்க ஜன்னலும் இல்லை. தலை குனிந்து நின்ற நம் முதியவர்களின் மேல் ஒரு குத்தாட்டப் பாட்டு வந்து விழுந்தது. பதக்கம் அணிந்தவர்கள் அசையாமல் நின்றார்கள். பிரெண்டா அம்மையார் நடந்து போய் ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கினார். மௌனம் முடியும்வரை அதைக் கையிலேயே பிடித்து நின்றார். பிறகு சொன்னார்: "இது நம்ம ரேடியோ இல்ல. நமக்குன்னு நாமளே ஒண்ணு வெச்சுக்குவோம்."

வைத்தோமா இல்லையா? ஆதரவு கேட்டு வீடு வீடாகப் படியேறினார். உரிமம் மறுத்தார்கள், மறுபடி கேட்டார். மறுபடியும் மறுத்தார்கள், மறுபடியும் கேட்டார். கடைசியில் கிடைத்தது. இதோ, இந்த மண்டபத்தின் பின்னால் நாற்காலி போட்டுவைக்கும் அறைதான் நம் ஒலிப்பதிவுக் கூடம். நாளை தொடங்குவதாக இருந்தோம். போன வாரம் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார்.

தலைவர் அவர்களே, நேற்று குழுக்கூட்டத்தில் நீங்கள் அன்போடுதான் சொன்னீர்கள். "பிரெண்டா இல்லாம காலையில யாரு பேசறது கீத்? வசந்தம் வரைக்கும் தள்ளிவைப்போம்" என்றீர்கள். உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால், பனிக்காக அவர் தள்ளிவைத்தாரா? கணவரைப் புதைத்த வாரத்தில் தள்ளிவைத்தாரா? ஒரு முறை தள்ளிவைத்த நிலையம் மறுபடி தொடங்கி நான் பார்த்ததில்லை.

ஆகவே உங்களில் யாரிடமும் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். இந்த மைக் இந்த மண்டபத்துக்கு மட்டும் பேசவில்லை. நான் வணக்கம் சொன்ன நொடியிலிருந்து துறைமுகத்தில் கேட்கிறார்கள், மருத்துவமனைக் கட்டிலில் கேட்கிறார்கள். கிரெய்விக் வானொலி தொடங்கிவிட்டது. நாளைக் காலை இந்தத் துருப்பிடித்த கேட்டுதான் பேசும். என்னைவிட நல்ல குரல் உள்ளவர்கள் வந்தால் எழுந்து இடம் தருவேன். அதுவரை ஒரு நாளும் விடமாட்டேன். இது அவருக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்போது அனைவரும் எழுந்து நின்று, அம்மையாருக்காக மௌனம் காக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அலாரத்தை நான் அணைக்கவில்லை. இருமல் வந்தால் இருமுங்கள். அழுகை வந்தால் அடக்காதீர்கள். ரோனி, உன் பக்கத்து ஜன்னலைத் திறந்துவிடு.