சோதிக்கலாம்

கொள்முதல் விதிகளை எங்கள் அலுவலகத்தில் யாரும் படிப்பதில்லை. சந்தேகம் வந்தால் என் மேசைக்கு வந்துவிடுவார்கள். எனக்கு அது பிடிக்கும். சுற்றி வளைக்காமல், படித்தவுடன் விளங்கும்படி ஒப்பந்தம் எழுதுவேன் ஐயா.

குழந்தைகள் மருத்துவமனைக்கு ஜெனரேட்டர் வாங்கும் கோப்பும் அப்படித்தான் வந்தது. பச்சிளங்குழந்தைப் பிரிவின் தலைமை நர்ஸே நேரில் வந்து உட்கார்ந்தார்.

"பழைய ஒப்பந்தம் தலையும் புரியல, வாலும் புரியல சார். கம்பெனி ஆள் மாசாமாசம் வந்து ஓட்டிப் பாக்கணும். அதை மட்டும் எங்களுக்குப் புரியற மாதிரி எழுதிடுங்க."

'நிறுவனம் மாதந்தோறும் ஜெனரேட்டரை இயக்கிச் சோதிக்க வேண்டும்' என்று எழுதிக் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார். "இப்ப எங்க ஆயாவுக்கே புரியும்" என்றார்.

என் தங்கையின் கணவருக்கு ஜெனரேட்டர் வியாபாரம், நொடித்துக் கிடந்தது. அந்த வாரம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னார்: "மாசாமாசம்னா அதுக்குன்னு ஒரு ஆள் போடணும் மச்சான். எனக்குக் கட்டுப்படியாகாது." தங்கை பரிமாறிய கரண்டியோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் 'சோதிக்க வேண்டும்' என்பதைச் 'சோதிக்கலாம்' என்று மாற்றினேன். எல்லா நிறுவனங்களுக்கும் அதே வாசகம்தான் போனது. விதி கேட்பதும் அதைத்தான். மற்றவர்கள் சோதனைச் செலவையும் சேர்த்து விலை போட்டார்கள். சோதிக்காமலும் இருக்கலாம் என்பது தங்கை கணவருக்கு மட்டும் தெரியும். நான்தான் சொன்னேன். உறவினர் போட்டியிட்டால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பதால், டெண்டர் திறந்த அன்று விடுப்பு எடுத்துக்கொண்டேன். அவர் போட்ட விலைதான் குறைவு, ஒப்பந்தம் அவருக்கே போனது.

மழைக்காலத்தில் ஒரு பிற்பகல் மருத்துவமனையில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் இருமிவிட்டு அடங்கியது. மூச்சுக் கருவிகளின் பேட்டரியும் தீர்ந்துவிட்டது. உதவியாளர் டாக்டரைக் கூப்பிட ஓட, நர்ஸ் மூச்சுக் கொடுக்கும் காற்றுப் பைகளைக் கையால் அமுக்கியிருக்கிறார்.

"மூணு குழந்தைங்க சார்" என்றார் விசாரணைக் குழுவிடம். "என்கிட்ட ரெண்டு கைதான் இருந்துச்சு."

அந்த வாசகத்துக்கு விளக்கம் சொல்ல என்னையும் அழைத்திருந்தார்கள். "சோதனை கட்டாயமில்லை. வார்டிலிருந்து கேட்டிருந்தால் செய்திருப்பார்கள். கேட்கவில்லை" என்றேன்.

நர்ஸ் என் பக்கம் திரும்பினார். "வேண்டும்னுதானே எழுதினீங்க? நான் படிச்சேனே."

"லாம்னுதாம்மா இருக்கு. பாருங்க."

அவர் விரல் வைத்து, எழுத்துக்கூட்டுவதுபோல வாசித்தார். அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

அதற்கப்புறம் வீட்டில் மின்சாரம் போனால் என் கைகள் இரண்டும் தாமாகவே விரிந்து விரிந்து மூடுகின்றன. மனைவி இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். பிடிக்குள்ளும் அவை அமுக்கிக்கொண்டேதான் இருக்கும்.

தங்கைதான் உங்களிடம் வந்து சொன்னாளாம். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை.

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தைப் படித்தேன் ஐயா. நடந்தது நடந்தபடி இருக்கிறது, கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம். 'என்னால் அந்தக் குழந்தை இறந்தது' என்று முடித்திருக்கிறீர்கள். முதல் சொல்லை எடுத்துவிடுங்கள். அது இல்லாமலேயே வாக்கியம் தெளிவாக இருக்கிறது.