வேப்பிலை விழுந்த டிரம்மும் மாடியில் விளைந்த மஞ்சளும்

பேச்சு நீண்டால் அடிப்பதற்கென்றே கையில் தட்டும் கரண்டியுமாகத் தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் எங்கள் மகளிர் மன்றத் தலைவி மீனாட்சியம்மாள் அவர்களே! மாட்டுங்காவிலிருந்து காபிச் சக்கையை டப்பாவில் அடைத்து, ரயில் நெரிசலில் அதை நெஞ்சோடு அணைத்து, வாரம் தவறாமல் எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்க்கும் அனந்தநாராயணன் ஐயா அவர்களே! எங்கள் கட்டடத்தின் செக்ரட்டரி, முன்வரிசை முத்து, இசக்கிதுரை அண்ணாச்சி அவர்களே! பெரியோர்களே! பொங்கல் பானைக்குப் பாலை எடுத்து வைத்துவிட்டு, பாதி மனம் அடுப்பிலும் பாதி மனம் மேடையிலுமாக அமர்ந்திருக்கும் தாய்மார்களே! தாராவியின் தங்கங்களே! உங்கள் அனைவருக்கும் மூன்றாம் மாடி பிரபாவதியின் பணிவான வணக்கம்.

ஐயா சிரிக்கிறார். சிரியுங்கள் ஐயா. உங்கள் வீட்டு டிகாக்ஷனில் எங்கள் தக்காளிகூடத் தூங்காமல் விழித்திருந்து காய்க்கிறது!

கேட்கிறேன், தாய்மார்களே! கால் நீட்டினால் அடுத்த வீட்டுச் சுவர் இடிக்கும் ஊரில் தோட்டம் வருமா? கைப்பிடி மண்ணைக்கூடக் கடையில் வாங்கும் ஊரில் மண் பிறக்குமா? சிமெண்டு மாடியில் சிறுகீரை சிரிக்குமா? முடியாது என்றார்கள். முளைத்தது! மூடர்கள் என்றார்கள். முற்றி விளைந்தது! அது எப்படி விளைந்தது என்று சொல்லத்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

ஏழாம் மாடிக் கனகவள்ளியை உங்களுக்குத் தெரியும். வீட்டிலிருந்தபடியே தோல் பைகளுக்குக் கைப்பிடி தைக்கிறவர். சென்ற ஆண்டு இதே பொங்கல் முடிந்த கையோடு வீடு வீடாக ஏறி இறங்கினார். வெங்காயத் தோல், வாழைப்பழத் தோல், காய்கறிக் கழிவு, எல்லாவற்றையும் கேட்டார். நாம் என்ன சொன்னோம்? “ஏட்டி கனகா, ஊர்ல காசு கேப்பாவ, பணம் கேப்பாவ, நீ கச்சரா கேக்க வந்திருக்கியா?” என்று சிரித்தோம். சிரித்துக்கொண்டேதான் கொடுத்தோம். மொட்டை மாடியில் நீல டிரம்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு பொறுப்பு. அடியில் தேங்காய் நார், மேலே தோல், அதன்மேல் புளித்த மோர், நடுவே நம் மண்புழுச் செல்வங்கள். குப்பை குறைந்தது, கறுப்பு மண் பெருகியது. மிளகாய்ச் செடி பூவெடுத்தது.

அப்போதுதான் வந்தது நம் அம்மன் கோயில் திருவிழா, சித்திரைக் கொடை.

ஆமாம், அந்தப் பச்சைச் சேலைச் சகோதரி இப்போதே முகத்தை மூடிக்கொள்கிறார்! மூடாதே தாயே, வேப்பிலைக் கூடையை மாடிக்குச் சுமந்தது நீ மட்டுமா? நாம் எல்லோரும்தானே! கொடை முடிந்ததும் கோயிலில் வேப்பிலை மலையாகக் குவிந்து கிடந்தது. மஞ்சள் நீரில் நனைந்த இலை. அம்மன் கழுத்தில் கிடந்த எலுமிச்சை மாலை. இவை குப்பை லாரியில் ஏறலாமா? ஊரார் காலில் மிதிபடலாமா? “ஆத்தா மேனியில கெடந்தது, நம்ம டிரம்முக்குள்ள போனா மண்ணுக்கே புண்ணியம்” என்று முடிவெடுத்தோம். பக்தி பொங்கப் பொங்க, பக்குவம் பாராமல், டிரம் டிரம்மாக அமுக்கினோம். ஒரே ஒரு டிரம்மை மட்டும் விட்டுவைத்தோம். அது கனகவள்ளிக்கு எதிர்வீட்டு மெஹக்குடையது. சரிகை வேலை செய்யும் பெண். அவரைக் கேட்காமல் அவர் டிரம்மில் கோயில் இலையைப் போடுவது மரியாதை இல்லை என்று தள்ளி நின்றோம்.

பிறகு என்ன நடந்தது? கசப்பு இறங்கியது, புளிப்பு ஏறியது, அமுக்கிய ஈர இலை வெந்தது. புழுக்கள் செத்தன. நாற்றம் எழுந்தது. எப்பேர்ப்பட்ட நாற்றம்! மொட்டை மாடியில் கிளம்பி, லிப்டுக்காகக்கூடக் காத்திராமல், படி வழியாகவே கீழே வந்து சேர்ந்த நாற்றம்!

மீட்டிங் கூடியது. நம் அண்ணாச்சி எழுந்தார். “கனகவள்ளி, ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். பொறவும் இந்த பாஸ், இந்த நாத்தம் அடிச்சா டெரசுக்குப் பூட்டுதான், பாத்துக்கோ” என்றார். அண்ணாச்சி, தலை குனியாதீர்கள். நீங்கள் சொன்னது நியாயம். உங்கள் மூக்கும் மனித மூக்குதானே!

அன்று கனகவள்ளி என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார். எதற்கும் கலங்காத அந்தப் பெண் கலங்கினார். “எக்கா, மாடியப் பூட்டிட்டா, தோலு தந்த வீட்டு வாசல்ல எல்லாம் நான் எப்பிடி நடப்பேன்? இனிமே ஒரு நல்ல காரியத்துக்கு நான் கூப்பிட்டா யாரு வருவா?” என்றார். அவர் செடிக்காக அழவில்லை தாய்மார்களே, தன் சொல்லுக்காக அழுதார்.

சனிக்கிழமை மாடிக்கு ஏறினோம். மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு மூடியாகத் திறந்தோம். கடைசியில் நின்ற மெஹக், தன் டிரம்மைத் திறந்துவிட்டு, தயங்கித் தயங்கித் தமிழில் கேட்டார்: “கனகா தீதி, நானும் அதே கச்சராதான் போடறேன். என் டிரம்ல ஏன் பத்பூ இல்லே?”

முந்தானையை அவிழ்த்தோம். நாற்றம் இல்லை! கையை விட்டார் கனகவள்ளி. பொலபொலவென்று கறுப்பு மண், அதில் நெளிநெளியாகப் புழுக்கள். அதே தோல், அதே மோர், அதே வெயில். இல்லாதது எது? வேப்பிலை! “அடியாத்தீ, ஆத்தா பேரச் சொல்லி நாமளே கொன்னுபோட்டோமே!” என்று தலையில் அடித்துக்கொண்டார். மறுகணம் சிரித்தார். காரணம் தெரிந்துவிட்ட சிரிப்பு அது.

மறுநாள் அண்ணாச்சி வந்தார். ஒரு கையில் பெரிய பூட்டு, மறுகையில் கர்சீப். கனகவள்ளி கெஞ்சினாரா? இல்லை! காலில் விழுந்தாரா? இல்லை! மெஹக்கின் மண்ணைக் கை நிறைய அள்ளி, “மோந்து பாருங்க அண்ணாச்சி” என்று நீட்டினார். கர்சீப் இறங்கியது. “ஏயப்பா, மழ பெஞ்ச மாதிரில்லா இருக்கு!” என்றார் நம் அண்ணாச்சி. மழைக்காலம் தொடங்கும் வரை தவணை கொடுத்தார்.

போதாதா நமக்கு? கொட்டினோம், கிளறினோம், வெயிலில் காயவைத்தோம். இலையைப் பொறுக்கினோம், நாரைக் கலந்தோம். மெஹக் தன் டிரம்மிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கை புழு கொடுத்தார். பொறுக்கிய இலையை எறிந்தோமா? உலர்த்தி, அரிசிப் பானைக்கும் பருப்பு டப்பாவுக்கும் பங்கிட்டோம், வண்டு அண்டவில்லை. இனி எந்தக் கொடைக்கும் அதுதான் வழக்கம். மாடியில் கூடிய கூட்டம் அதோடு நிற்கவில்லை. குழாய்க்கு வாஷர் மாற்றக் கற்றது. பழைய சேலையில் பை தைத்தது. பிளம்பரை எதிர்பார்த்துக் காத்திருந்த கைகள் ஸ்பேனர் பிடித்தன! பெருமையாகச் சொல்கிறேன், நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன், இந்தக் கட்டடத்துப் பெண்கள் தெரியாததைத் தெரிந்துகொண்டார்கள், தவறியதைத் திருத்திக்கொண்டார்கள்!

அண்ணாச்சி, ஒரு கேள்வி. அந்தப் பூட்டு எங்கே?

என்ன? உரக்கச் சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும்! “டிரம் மூடி மேல கெடக்கு தாயி! மழக்காத்துல மூடி பறக்குன்னு நாந்தான் தூக்கி வச்சேன்!” என்கிறார். கேட்டீர்களா? பூட்ட வந்த பூட்டு, இன்று புழுவுக்குக் காவல் நிற்கிறது! தட்டுங்கள் கையை!

தலைவி கரண்டியை ஓங்குகிறார். முடித்துவிடுகிறேன் அம்மா, ஒரு நிமிடம்.

மேடைக்குப் பக்கத்தில் பாருங்கள். பானை இருக்கிறது, பால் இருக்கிறது. பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்து இன்னும் ஏறவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் மாட்டுங்கா மார்க்கெட்டில் வாடிய கொத்துக்குப் பேரம் பேசினோமே, இந்த ஆண்டு பேசவில்லை. மழைக்கு முன்னால் மாடியில் மஞ்சள் கிழங்கு ஊன்றினோம். ஊன்றிய மண், உயிரோடு மிஞ்சிய அந்த ஒரு டிரம்மில் பிறந்த மண். இன்று காலை இலையோடும் கிழங்கோடும் பறித்து வந்திருக்கிறோம்.

கனகவள்ளி, எழுந்து வா. உன் சொல் நின்றது. மெஹக், நீ ஏன் பின்னால் நிற்கிறாய்? வாம்மா. அன்று உன்னைக் கேட்காமல் உன் டிரம்மில் எதையும் போடக் கூடாது என்று நின்றோம். இன்று எல்லோர் முன்னாலும் கேட்கிறேன். உன் மண்ணில் விளைந்த இந்த மஞ்சளை, எங்கள் பானையில் உன் கையால் கட்டுவாயா?

தலையாட்டிவிட்டார்! வழி விடுங்கள், வழி விடுங்கள்!

பொறுமையோடு கேட்ட உங்கள் காதுகளுக்கும், தோல் தந்த உங்கள் கைகளுக்கும் நன்றி. கொத்து ஏறட்டும், அடுப்பு எரியட்டும், வீடுதோறும் பால் பொங்கட்டும். வணக்கம்!